காப்பும் கண்காணிப்பும்: ஓர் ஆய்வுப் படிவத்தை வாசித்தல்

என் மகள் போகும் காப்பகத்தின் முன்னறைச் சுவரில் நான்கு சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று. முருகன் படத்துக்கும் அப்துல் கலாம் படத்துக்கும் நடுவே அவை இருக்கின்றன. கீழே ஒரு சிவப்பு சிலிண்டர். ஒரு மாலை நல்ல மழை. மகளைக் கூட்டிப்போக வந்து திண்ணையிலேயே நின்றிருந்தபோது, பேச்சு கொடுக்கவேண்டுமே என்று ஆயாவிடம் கேட்டேன்: “இத எப்படித் திறக்கணும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்களா?”

அவர் சிரித்தார். “அதுல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம். சீல் போயிடும். சீல் போச்சுன்னா ஆபீசர் வர்றப்ப எழுதிட்டுப் போயிடுவாரு.”

இரண்டு மாதமாக இந்த வாக்கியத்தைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறேன். தீ வந்தால் அணைக்க வைத்த ஒரு பொருள், ‘தீயணைப்பான் உள்ளது’ என்ற வாக்கியத்தை மெய்யாக்குவதற்கான பொருளாக மாறிவிட்டது. பயன்படுத்தாத வரைக்கும்தான் அதற்குப் பயன். குறி, தான் குறிக்கும் பொருளைத் தின்று தீர்த்துவிடுவது பற்றி இந்தப் பக்கங்களில் எவ்வளவோ எழுதியிருக்கிறோம், பெரும்பாலும் கவிதைகளை வைத்துக்கொண்டு. ஆயாவின் வாக்கியத்துக்குப் பக்கத்தில் அதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சொகுசாகப் படுகிறது.

காப்பகம் நடத்தும் அம்மாவிடம் ஆய்வுப் படிவத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தயக்கமில்லாமல் நகலைக் கொடுத்தார். இதைச் சொல்லியாக வேண்டும். அவர் மோசடிக்காரர் அல்ல. கேட்ட சான்றிதழ் எல்லாவற்றையும் அலைந்து வாங்கியவர். அந்த அலைச்சலைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினார். நாலு பக்கப் படிவம். கட்டடத்தின் பரப்பளவு, அறைகள் எத்தனை, சன்னல்கள் எத்தனை, கழிப்பறைகள் எத்தனை, வெளியேறும் வழிகள் எத்தனை, தீயணைப்பான்கள் எத்தனை, கேமராக்கள் எத்தனை, முதலுதவிப் பெட்டி உண்டா இல்லையா, ஊழியர் எத்தனை பேர், கல்வித்தகுதி என்ன. ‘வெளியேறும் வழிகள்’ என்பதற்கு எதிரே ‘2’ என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது.

நாலு பக்கத்தையும் நிதானமாக வாசித்தேன். இந்தப் பிரதியில் ஒரு வினைச்சொல்கூட இல்லை. எல்லாம் பெயர்ச்சொற்களும் எண்ணுப்பெயர்களும். கதவு உண்டு, திறப்பது இல்லை. சிலிண்டர் உண்டு, பிடிப்பது இல்லை. ஆயா உண்டு (‘உதவியாளர்: 2’), அவர் ஒரே சமயத்தில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்பது இல்லை. நடக்கத் தெரியாத பதினொரு குழந்தைகள் தூங்கும் அறையில் இரண்டு கைகள்தான் இருக்கின்றன என்பதை எழுத அதில் கட்டமே கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இலக்கணம்தான் முதலில் கண்ணில் படுகிறது, என்ன செய்ய.

இதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியபோது ஒரு தோழர் உடனே சொன்னார்: “இது ஃபூக்கோ சொன்னதுதானே? குழந்தையின் உடலைப் பிறந்ததிலிருந்தே அரசு தன் பதிவேட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. உரிமம், ஆய்வு, கேமரா எல்லாம் கண்காணிப்புச் சமூகத்தின் கருவிகள். இன்னும் ஆய்வு வேணும்னு கேக்கறது அதிகாரத்த இன்னும் கொஞ்சம் கேக்கற மாதிரி.” மற்றவர்களும் தலையாட்டினார்கள். நானும் முன்பு ஆட்டியிருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் இதே சொல்லாடலில் நான் எழுதிய கட்டுரை ஒன்றை யாரும் தோண்டி எடுக்காமலிருக்க வேண்டும்.

இப்போது எனக்கு அது ஒத்துவரவில்லை. பென்தாமின் வட்டச் சிறையில் கோபுரத்தில் இருப்பவர் பார்க்கிறாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. அதனாலேயே அவன் எப்போதும் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறான். ஃபூக்கோ அதிலிருந்துதான் நவீன அதிகாரத்தை விளக்க முற்பட்டார். நம் ஊரில் ஆய்வாளரின் ஜீப் மூன்று ஊர் தள்ளி வரும்போதே தெரிந்துவிடும். முதல்நாளே போன் வரும். அன்றைக்குத் தரை கழுவுவார்கள், பீரோவிலிருந்து பொம்மைகளை எடுத்து வைப்பார்கள், அவர் போனதும் திரும்ப உறைபோட்டுப் பூட்டுவார்கள். இது பார்வையின் அதிகாரம் என்றால், பார்வையின் ஒத்திகை என்பதை எப்படிச் சொல்வது? இங்கே பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் சேர்ந்து ஒரு காகிதத்தைத் தயாரிக்கிறார்கள். குழந்தை இருவருக்கும் நடுவே, இருவர் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏழைப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அரசு அவர்களை அளவுக்கு மீறிப் பார்த்துவிட்டது என்பதல்ல என் புகார். இதுவரை பார்க்கவேயில்லை.

கண்காணிப்பு என்ற சொல்லும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. இதே சொல்லிலிருந்துதான் கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போய், அங்கேயே கூலிகளை மேய்த்தவர் அவர். தாய் கொழுந்து பறிக்கப் போகையில் கைப்பிள்ளையை விட்டுப்போகும் இடத்துக்கு மலையகத்தில் பிள்ளைக் காம்பிரா என்று பெயர். தாயின் கை வேகத்தைப் பார்க்க ஒரு கண். அவளுடைய பிள்ளையைப் பார்க்க ஒரு கிழவி. முன்னதற்குக் கணக்குப் புத்தகம் இருந்தது. தமிழ் மொழியே ‘கண்காணித்தல்’ என்றும் ‘பாத்துக்கறது’ என்றும் இரண்டு வெவ்வேறு வினைகளை வைத்திருக்கிறது. “பிள்ளையக் கண்காணிச்சுக்கோ” என்று எந்தத் தாயும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதில்லை. “பாத்துக்கோ” என்கிறாள். நம் கோட்பாட்டு விவாதங்களில் முதல் வினை மட்டுமே புழங்குகிறது. இரண்டாவது வினை யார் தலையில் விழுந்திருக்கிறது, அதற்கு என்ன கூலி என்ற கேள்வி வருவதில்லை.

படிவத்தைப் படித்தபோது நினைவுக்கு வந்தது பிள்ளைத்தமிழ். மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரையிலான குழந்தையைப் பாடுவது அந்த இலக்கிய வகையின் மரபு. இன்றைய காப்பகங்களில் தொட்டிலில் கிடக்கும் வயது. பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. திருமால் தொடங்கித் தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைத்து, இந்தப் பிள்ளையைக் காக்க என்று வேண்டுவது. அந்தப் பட்டியலும் ஒருவகைப் படிவம்தான். யாரும் விடுபட்டுவிடக் கூடாது. அதற்குப் பாட்டியல் நூல்கள் ஒரு விதி சொல்கின்றன: காப்புப் பருவத்தில் தெய்வங்களைப் பாடும்போது அவர்கள் செய்த கொலைகளை நீக்கிப் பாட வேண்டும். குழந்தைக்கு எதிரே சாவைச் சொல்லக் கூடாது. கவிதையில் இது தாய்மனசின் நாகரிகம். ஆனால் நம் ஆய்வுப் படிவங்களும் கொலை நீக்கிய காப்புப் பருவமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ‘குறைபாடு’ உண்டு, ‘நிவர்த்தி’ உண்டு. எந்தக் கேள்வி எந்தச் சாவிலிருந்து வந்தது என்பது எங்கும் இல்லை. சாவை நீக்கியபிறகு அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியாது, பதில் எழுதுபவருக்கும் தெரியாது.

நீக்கப்பட்டதைத் திரும்ப எழுதிப் பார்க்கலாம். 1964 ஏப்ரல் 4. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியின் கட்டடம் இடிந்து 36 மாணவிகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1965இல், பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. காப்பகத்தின் சுவரில் முதலாவதாகத் தொங்கும், வட்டாட்சியர் கையெழுத்திட்ட அந்த உரிமத்துக்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்டம்தான். 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிந்துபோனார்கள். 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16. கும்பகோணம். சத்துணவு அடுப்பிலிருந்து கிளம்பிய தீ மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள்.

ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஆறு மாதம்கூட இல்லை. இரண்டும் ஒரே காவிரிக் கரை. மாடி, கீற்று, ஒடுங்கிய வழி என்று எல்லாம் அச்சாக ஒன்று. ஜனவரியில் நடந்ததை ஜூலை ஏன் படிக்கவில்லை? அதிகாரிகளின் அலட்சியம், லஞ்சம் என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது உண்மை, ஆனால் போதாது. ஏர்வாடி மனநலக் காப்பகங்கள் என்ற கோப்பில் போய் விழுந்தது. ஸ்ரீரங்கம் மண்டபங்கள் என்ற கோப்பில் விழுந்தது. பள்ளிக்கூடம் வேறு துறை, வேறு கட்டடம், வேறு மேசை. அரசு எரிந்த இடத்தை நிறுவனத்தின் பெயரால் நினைவு வைத்துக்கொள்கிறது. தீக்குக் கோப்பு கிடையாது, அதற்குக் கீற்றுதான் தெரியும். வகைப்படுத்தல் என்பது அறிவின் முதல் படி என்று நாம் படித்திருக்கிறோம். மறதியின் முதல் படியும் அதுவே என்பதற்கு இந்த மூன்று தீயைவிட வேறு சான்று வேண்டாம்.

கும்பகோணம் வழக்கில் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30இல், பத்து வருடம் கழித்து. விசாரிக்கப்பட்ட 21 பேரில் 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. மேல்முறையீட்டில் 2017இல் உயர்நீதிமன்றம் தண்டனைகளை மேலும் சுருக்கியது. இடையே 2009இல் உச்சநீதிமன்றம், கும்பகோணத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதிதான் என்று சொல்லி, பள்ளிகளில் தீயணைப்பான்கள் வைக்கவும் உத்தரவிட்டது. எங்கள் காப்பகத்தின் சிவப்பு சிலிண்டர் அந்த 94 பேரின் வழியாகத்தான் நாடு முழுக்க வந்து சேர்ந்தது. அதில் கை வைக்கக் கூடாது, சீல் போயிடும்.

கும்பகோணத்தை நான் செய்தித்தாளில் படித்து அறிந்தவள் அல்ல. எங்கள் ஊர் அதே தாலுகா. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அம்மா ஊர் அங்கன்வாடியில் ஆயா. ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. பக்கவாட்டில் கீற்றுச் சாய்ப்பு இறக்கி, அதில் விறகடுப்பு. ஜூலை 16க்கு அடுத்த வாரமே, எல்லாப் பள்ளிகளிலும் கீற்றைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்த வேகத்தில், எங்கள் ஊருக்கும் ஆட்கள் வந்தார்கள். அரை மணியில் சாய்ப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, ‘கீற்று அகற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் முப்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க வேண்டும். ஆடி மாதக் காற்று, திறந்த வெளியில் அடுப்பு நிற்காது. அம்மா என்ன செய்வாள்? அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிள்ளைகள் பாய் விரித்துத் தூங்கும் அறைக்குள். கதவுக்குப் பக்கத்தில்.

எட்டு மாதம் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் தகரக் கொட்டகை வந்தது. அந்த எட்டு மாதத்தில் மேற்பார்வையிட இரண்டு முறை ஆள் வந்ததாக அம்மா சொல்வாள். பதிவேடு பார்த்தார்கள், எடை போடும் தராசைப் பார்த்தார்கள், அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். “கூரையத்தாண்டி பாத்தாங்க. அடுப்ப ஒருத்தரும் பாக்கல.” அம்மா இதைப் புகாராகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அந்த எட்டு மாதமும் பிள்ளைகள் கண்ணயர்ந்தபிறகு அவள் உட்காரவே மாட்டாளாம். அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே நின்றுகொண்டே இருப்பாளாம், ஒரு குடம் தண்ணீரோடு. அந்த மையம் எரியாமல் இருந்ததற்கு ஒரே காரணம் அந்தக் குடமும் நின்ற கால்களும். எந்தப் பதிவேட்டிலும் அவை இல்லை. அரசுக் காகிதத்தில் அவளுக்கு ‘உதவியாளர்’ என்று பெயர். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய அந்தத் திட்டம் அவளைப் போன்ற லட்சக்கணக்கான பெண்களுக்குத் தருவதை நடுவண் அரசு இன்றைக்கும் ‘மதிப்பூதியம்’ என்றுதான் எழுதுகிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆயிற்று.

ஆய்வே வேண்டாம் என்று தோழர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அம்மாவுக்கு வேண்டியிருந்தது அடுப்பைப் பார்க்கும் ஒரு கண். “இங்க எங்க சமைக்கிறீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் அது அதிகாரத்தின் குரலாக ஒலித்திருக்காது அவளுக்கு. யாரோ தன்னோடு சேர்ந்து நிற்பதுபோல இருந்திருக்கும்.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெக்ஸிகோவின் வடக்கே எர்மொசீயோ நகரத்துக் காப்பகத்தைப் பற்றிப் படித்தபோது அது கலைந்தது. பெயர் ஏபிசி. நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், உழைக்கும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தன் கடமையைத் தனியாருக்குக் குத்தகை விட்டிருந்தது. அந்தக் குத்தகைக் காப்பகங்களில் ஒன்று. கிடங்காக இருந்த கட்டடம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் மாநில நிதித்துறையின் கிடங்கு, அதில் வண்டிகளும் பழைய கோப்புகளும். 2009 ஜூன் 5 மதியம், பிள்ளைகள் தூங்கும் நேரம், நிதித்துறைக் கிடங்கில் பற்றிய தீ கூரை வழியாக இங்கே வந்தது. கூரையின் உட்புறம் வெப்பம் தடுக்கப் பூசியிருந்த பாலியூரித்தேன் உருகித் தூங்கும் குழந்தைகள் மேல் சொட்டியது. அவசரக் கதவு பயன்படவில்லை. ஒரு தகப்பன் தன் டிரக்கைச் சுவரில் மோதி மோதி ஓட்டை போட்டார். அந்த ஓட்டை வழியாகத்தான் பல பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். 49 குழந்தைகள் இறந்தன.

அதற்கு இரண்டு வாரத்துக்குள்ளாகத்தான், மே 26இல், அந்தக் காப்பகம் பாதுகாப்பு ஆய்வில் தேறியிருந்தது.

கிடங்கில் கோப்புகள் இருந்தன என்ற தகவலைத் தாண்டி எனக்குப் போகமுடியவில்லை. அரசின் காகிதம் சுவருக்கு அந்தப் பக்கம் எரிகிறது, சுவருக்கு இந்தப் பக்கம் அரசின் இன்னொரு காகிதம் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர் காப்பகத்தின் நான்கு சுவருக்குள் பார்த்தார்; சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது அவருடைய படிவத்தில் கிடையாது. மறுபடியும் அதே கோப்பு வியாதி. (நம் சிலிண்டரின் மேலும் ‘ஏபிசி’ என்று அச்சிட்டிருக்கிறது, அது தூளின் வகை. இருந்தாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ செய்கிறது.)

ஆனால் எர்மொசீயோவில் அதற்குப் பிறகு நடந்தது நம் ஊரில் நடக்காதது. 2010 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, பொறுப்பு கீழ்நிலை ஊழியர்களோடு நின்றுவிடக் கூடாது, மேலிடத்து அதிகாரிகளும் பொறுப்பு என்று வரைவு எழுதினார். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. பெற்றோர் ஓயவில்லை. ஊர்வலம் போனார்கள், உடல் கருகிய பிள்ளைகளின் படங்களைத் தூக்கிக்கொண்டு தலைநகரம் வரை போனார்கள். 2011 அக்டோபரில் குழந்தைகள் காப்பகங்களுக்கான பொதுச் சட்டம் வந்தது. மக்கள் அதை ‘ஜூன் 5 சட்டம்’ என்கிறார்கள். கொலையை நீக்காமல் பெயரிலேயே வைத்துக்கொண்ட காப்பு அது. அந்தச் சட்டத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. சட்டத்தின் பெயரைச் சொல்லும் ஒவ்வொருவரும் ஏன் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டியிருக்கிறது, அது போதும் எனக்கு. நம் 1965 சட்டத்துக்கு அந்த 36 பெண்பிள்ளைகளின் ஞாபகம் உண்டா? சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆய்வுக்கே வராத பிள்ளைகள் கதை வேறு. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் ‘சாதாரணமாக’ வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. வெளிச்சமும் காற்றும் உள்ள, சுத்தமான, பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் உள்ள அறை. நல்ல வாசகம். ஆனால் அறை பிறந்தது முப்பத்தோராவது பெண் உள்ளே வந்தபோதுதான். முப்பது பேரோடு நிறுத்திக்கொண்டால் சட்டத்தின் கண்ணில் குழந்தையே இல்லாமல் போனது. 2017இல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தியபோது ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் என்று ஆக்கினார்கள். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 2020இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டமும் ‘ஐம்பது தொழிலாளர்’ என்றே பேசுகிறது. ‘பெண்’ என்ற சொல் போய்த் ‘தொழிலாளர்’ வந்ததில், பிள்ளை தகப்பனுக்கும் பிள்ளைதான் என்று சட்டம் ஒருவழியாக ஒப்புக்கொண்டதாக நான் சந்தோஷப்படவும் செய்தேன். அதே மூச்சில் எண்ணைக் கூட்டிவிட்டார்களே என்றும் இருக்கிறது. சந்துகளில் இருபது மெஷின் போட்டுத் துணி தைக்கும் இடங்களில் பிள்ளைகள் வெட்டுத்துணிக் குவியலின் மேல்தான் தூங்குகின்றன. வெட்டுத்துணி எப்படிப் பற்றும் என்று தைக்கிறவர்களைக் கேளுங்கள். அந்த அறைகளுக்குப் படிவமும் இல்லை, சிலிண்டரும் இல்லை, ஜீப்பும் வராது. அங்கே போய்க் கண்காணிப்புச் சமூகம் என்று நாம் பேசினால் சிரிப்பார்கள்.

ஆகவே ஆய்வு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. படிவத்தை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் என் சண்டை. இலக்கியப் பிரதிகளை விளிம்பிலிருந்து வாசிக்கச் சொல்லி எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். இந்த நாலு பக்கத்தை ஒரு ஆயா எழுதினால் என்ன கேட்பாள்? எங்கள் அம்மாவிடம் போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ராத்திரி கேஸ மூடினது யாருன்னு கேக்கணும். சாவி எங்க தொங்குதுன்னு கேக்கணும். ஒருத்தி லீவு போட்டா இன்னொருத்தி எத்தன புள்ளயப் பாக்கணும்னு கேக்கணும். அந்தம்மா கடைசியா எப்ப சாப்ட்டான்னும் கேக்கணும், பசி மயக்கத்துல புள்ளயத் தூக்க முடியாதுல்ல.” நாலு கேள்வி. நாலிலும் வினைச்சொல் இருக்கிறது.

போன மாதம் பெற்றோர் மூன்று பேர் சேர்ந்து காப்பக அம்மாவிடம் பேசினோம். முதலில் முகம் சுளித்தார். “எல்லாம் சரியாத்தானே மேடம் இருக்கு? சர்டிபிகேட் பாத்தீங்கல்ல?” பிறகு இறங்கி வந்தார். இன்னொரு பெற்றோரின் மாமனார் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை காலை முற்றத்தில் பழைய பேப்பரைக் கொளுத்தி, சிலிண்டரை இறக்கி, இரண்டு ஆயாக்களையும் ஒவ்வொருவராகச் செய்ய வைத்தார். பின்னைப் பிடுங்க, பிடியை அழுத்த, தீயின் அடியைப் பார்த்து அடிக்க. வெள்ளைத்தூள் புகையாகக் கிளம்பியதும் வந்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மகள் ‘இன்னொருவாட்டி’ என்றாள். சீல் போயிற்று. “அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்குள்ள ரீஃபில் பண்ணிடணும், நீங்கதான் காசு குடுக்கணும்” என்றார் காப்பக அம்மா. பாதி விளையாட்டு, பாதி நிஜம். கொடுத்தோம்.

எல்லாம் முடிந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது அன்று மழையில் பேசிய ஆயா பக்கத்தில் வந்து கேட்டார்: “பின்பக்கக் கதவு ஒண்ணு இருக்குல்ல மேடம், அதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு? நான் வந்த நாள்லேர்ந்து அது தொறந்து பாத்ததில்ல.” படிவத்தில் வட்டம் போட்ட அந்த ‘2’ என் கண்முன் வந்தது. விசாரித்தோம். சாவி வீட்டுக்காரரிடமாம். அவர் மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருக்கிறார், தீபாவளிக்குத்தான் வருவாராம். பூட்டை உடைக்கலாமா என்று கேட்டதற்கு, வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார் காப்பக அம்மா. நாளை மறுபடியும் போகிறோம்.